கோட்டுக்கு ஒரு வெள்ளோட்டம்

பஸ் டிரைவர் வேலைக்கு இன்று நேர்காணல். பேசி முடித்ததும் வண்டியை ஓட்டியும் காட்ட வேண்டும். காலை வெயில் விழும் படுக்கையறையில், அக்கா ஆசையாக வாங்கித் தந்த கருநீலக் கோட்டை மாட்டிக்கொண்டு தங்கை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். கையிலுள்ள சாப்பாட்டுத் தட்டுதான் ஸ்டியரிங். கட்டிலில் பயணியாக அவள் கணவன். "வளைவு வருது, கெட்டியா பிடிச்சுக்குங்க!" என்று தட்டை ஒடித்துத் திருப்புகிறாள். அக்குளில் தையல் பர்ரென்று விடுகிறது. கதவோரம் நிற்கும் அக்காவை அவள் பயத்தோடு பார்க்கிறாள். அக்காவின் முகம் வாடுகிறது. மறுகணமே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். "நல்லவேளை, இங்கேயே கிழிஞ்சுது! கழட்டுடி." அலமாரியிலிருந்து இஸ்திரி போட்ட பழைய வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டுகிறாள். அதைப் போட்டுக்கொண்டு தங்கை கைகளை வீசிச் சுழற்றுகிறாள். எங்கும் இறுக்கிப் பிடிக்கவில்லை. அக்கா கட்டிலில் ஏறி அவள் கணவன் பக்கத்தில் உட்காருகிறாள். "ம்... இப்ப எடுடி வண்டிய!"