ஒரு எழுத்துகூட மாத்தாம

"கிளவுட் ஸ்டோரேஜோட ரகசியச் சாவியை யாராவது புரோகிராம் கோடுக்குள்ளேயே எழுதி வைப்பாங்களாம்மா? வீட்டைப் பூட்டிட்டு, சாவியைக் கதவுலயே தொங்கவிட்ட மாதிரி இருக்கு!"

புதிதாகச் சேர்ந்த பெண்ணை டீம் லீட் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. லீட் எழுதிய மென்பொருள் லைப்ரரியை வாங்கிய வாடிக்கையாளர். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று தெரிந்ததும் லீட் ஸ்பீக்கரைப் போட்டார்.

"கேட்டுக்கோம்மா!"

"பிரமாதம் சார்! நீங்க கொடுத்த சாம்பிள் கோடை ஒரு எழுத்துகூட மாத்தாம அப்படியே போட்டேன். முதல் தடவையே ஓடிடுச்சு!"

"நான் எழுதினா அப்படித்தான் சார்."

"என் ஃபைலெல்லாம் கிளவுட்ல ஏறிடுச்சு. ஆனா நான் ஏத்தாத வீடியோ ஒண்ணும் அங்க இருக்கு. ஒருத்தர் துண்டைக் கட்டிக்கிட்டு, சீப்பை மைக்காப் பிடிச்சு, கண்ணாடி முன்னாடி காதல் பாட்டு பாடுறாரு."

லீட் ஸ்பீக்கரை அணைக்கப் பாய்ந்தார். பதற்றத்தில் சத்தம்தான் கூடியது.

"சாம்பிள்ல இருந்த சாவி யாரோடது சார்? குரல் என்னவோ அச்சு அசல் உங்க குரல்!"

அறையே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது.

அந்தப் பெண் மட்டும் பணிவாகச் சொன்னாள்:

"சார்... கதவுல சாவி தொங்குது."