மார்ட்டினின் நட்சத்திரம்

அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு ஐயர் பெயரைக் கேட்டார். மார்ட்டின் என்றாள் அம்மா.

பக்கத்தில் நின்ற நிலானிக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஆக்லாந்தின் பாபடோயிட்டோய்ப் பகுதியில் வாடகைக்கு எடுத்த மண்டபம் அது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்கு, மற்ற நாட்களில் கராத்தே வகுப்புக்கு. வரிசையில் பின்னால் நின்ற சரோஜாதேவி அன்ரி கழுத்தை நீட்டிப் பார்த்தார். அன்ரியின் காதில் விழுந்தால் ஆக்லாந்து முழுவதற்கும் விழுந்த மாதிரி.

ஐயர் பகலில் வங்கியில் வேலை பார்ப்பவர். மார்ட்டின்கள் அவருக்குப் புதிதல்ல. ஆனால் அர்ச்சனைக்கென்று ஒரு மார்ட்டினும் இதுவரை வந்ததில்லை. யாருடைய பிள்ளை என்று கேட்டார்.

"ஆற்றையோ பிள்ளை, ஐயா. தனிய இருந்து சரியாக் கஷ்டப்படுது."

யாரோ பெற்ற பிள்ளைதான். டீவிக்குள் இருக்கிற பிள்ளை.

பள்ளிக்கூடம் விட்டதும் மவுண்ட் ஆல்பர்ட்டில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு நிலானி தினமும் ஓடி வருவது அந்த நாடகத்துக்காகத்தான். கனடாவில் ஒரு பள்ளிக்கூடம், அதில் படிக்கிற பிள்ளைகளின் பாடு. அங்கே பழசாகிப்போன பிறகு இங்கே காட்டினார்கள். ஒவ்வொருத்தருடைய தலைமயிரும் பொங்கின பால் மாதிரி எழும்பி நிற்கும். மார்ட்டின் அதில் ஒரு தறுதலை. வகுப்புக்குப் போகாமல் கள்ளமடிப்பான், கதவுகளை உதைப்பான், பெற்ற தாய்மேல் எரிந்து விழுவான்.

இரவு வேலைக்குப் போகும் அப்பா உள்ளறையில் தூங்குவார். அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஆங்கிலம் தெரியாத அம்மாவின் காதுக்குள் நிலானி தமிழில் சொல்லுவாள். பகல் முழுக்க வீட்டில் தனியே இருந்தவளும் பள்ளிக்கூடத்தில் தனியே இருந்தவளும் கதைக்கிற நேரம் அது ஒன்றுதான்.

முதலில் உள்ளதைத்தான் சொன்னாள்.

ஒருநாள் மார்ட்டின் கன்டீனில் கூட்டாளிகளோடு இருந்து ஒரு பெண்ணைப் பற்றி என்னவோ சொன்னான். அதை அம்மாவிடம் சொல்ல வாய் வராது. அவனுக்குப் பக்கத்தில் ஒருத்தரும் வந்து இருப்பதில்லையாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னதும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

அதற்குப் பிறகு மார்ட்டின் நிறையச் சொன்னான்.

சைக்கிள் கொட்டகைச் சுவரோடு நின்று சாப்பிடுவதாகச் சொன்னான். தன் பெயர் ஒரு ஆசிரியருக்கும் வாயில் நுழைவதில்லை என்றான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிறார்களாம் என்று ஒருநாள் அழாக்குறையாகச் சொன்னான்.

திரையில் அவன் அப்போது சிரித்துக்கொண்டிருந்தான். பாவம் என்றாள் அம்மா, அவ்வளவுதான்.

மறுநாள் நிலானியின் பெட்டியில் இடியப்பத்துக்குப் பதிலாக இரண்டு துண்டுப் பாணும் ஜாமும் இருந்தன. வீட்டில் மா முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒருத்தரும் மூக்கைப் பொத்தவில்லை. பக்கத்தில் வந்து இருக்கவும் இல்லை.

இந்தத் திங்கட்கிழமை நாடகம் முடிந்துவிட்டது. மார்ட்டின் வீட்டைவிட்டு வெளிக்கிட்டு, ஒரு பையோடு பனிக்குள் நடந்து போனான். பாட்டு வந்தது, பெயர்கள் ஓடின. அடுத்த நாள் அதே நேரத்தில் ஒருவர் கேக் செய்து காட்டினார்.

இனி அவன் வரமாட்டான் என்று அம்மாவிடம் சொன்னாள் நிலானி. இனி யாருடைய வாயால் சொல்வது?

அம்மா டீவியை நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைக்கு ஒரு அர்ச்சனை செய்ய வேண்டும் என்றாள். நிலானி அதைப் பகிடி என்றுதான் எடுத்துக்கொண்டாள். தேங்காய் வாங்கி வந்த பிறகுதான் பயம் பிடித்தது. அது நடிப்பு, அவன் இப்போது எங்கேயோ சுகமாக இருப்பான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்றதெல்லாம் யார் சொன்னது என்று கேள்வி வரும்.

இப்போது ஐயர் நட்சத்திரம் கேட்டார்.

கனடாக்காரப் பிள்ளைக்கு நட்சத்திரத்துக்கு எங்கே போவது? தெரியாவிட்டால் பரவாயில்லை, சுவாமி பெயரிலேயே செய்துவிடலாம் என்று ஐயரே வழி விட்டார். நிலானிக்கு உயிர் திரும்பி வந்தது.

தெரியும், பூரட்டாதி என்றாள் அம்மா.

நிலானி நிமிர்ந்து பார்த்தாள்.

பூரட்டாதி என்றால் கும்பத்திலும் வரும், மீனத்திலும் வரும், எது என்று ஐயர் கேட்டார்.

"மீனம், ஐயா. நாலாம் பாதம்."

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நிலானியின் பெயரோடு சேர்த்துச் சொல்லுகிற அதே நட்சத்திரம், அதே பாதம். யோசிக்காமல் சொன்னாள் அம்மா. கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள்.

ஐயர் மார்ட்டினைச் சமஸ்கிருதத்துக்குள் எப்படியோ நுழைத்து, மணியை அடித்து, தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா அதிலிருந்து திருநீற்றை எடுத்து, சரோஜாதேவி அன்ரி பார்த்துக்கொண்டிருக்கவே, நிலானியின் நெற்றியில் பூசினாள். கண்ணுக்குள் விழாமல் ஒரு கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"பாணும் ஜாமும் அவனுக்குப் பிடிச்சுதோ, பிள்ளை?"

இல்லை என்று நிலானி தலையாட்டினாள்.