ரப்பர் மரங்களுக்கு நடுவே

அண்ணன் சசிதரன் செனாவாங்கில் இருந்த தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது விபத்தில் இறந்துபோனான். அவனுக்காக லோகேஸ்வரி தானே ஒரு பாட்டு எழுதிப் பாடி, தான் வரைந்த ரப்பர் மரப் படத்தோடு இணையத்தில் ஏற்றினாள்.

"குரல் மனச உருக்குது. மரத்துக்கிட்ட முதுகு காட்டி நிக்கிற ஆளும் அருமை லா," என்று ஒருவர் பாராட்டியிருந்தார். மறுநாள், அந்த ஆள் பாதி திரும்பியிருப்பதை இன்னொருவர் புகழ்ந்தார். மூன்றாம் நாள் எல்லோரும் அவன் சிரிப்பைப் பற்றியே எழுதினார்கள்.

ஆள் யாரையும் வரையாத லோகேஸ்வரிக்குப் படத்தில் மரங்கள் மட்டுமே தெரிந்தன. பயந்துபோய்ப் பாட்டை அழிக்கப் போனவளிடமிருந்து அம்மா கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள்.

"அப்படியே இருக்கான். அண்ணன் காலுக்கு ஏன்டி செருப்பு போடல?"

லோகேஸ்வரி எதையும் அழிக்கவில்லை. தூரிகையை எடுத்து, படத்திலிருந்த வெறும் புல்தரையில் ஒரு ஜோடி செருப்பு வரைந்தாள்.