பன்னிரண்டு அடிச் சிமெண்ட்

வீட்டு வாசல் சாய்தளத்துக்கு நான் வைத்திருந்த வாடகை பாக்கி ஏழாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய். கட்டாததால் கம்பெனிக்காரர்கள் அதைக் கழற்றிப் போனார்கள். மனைவி பூவாத்தாளைத் தூக்கி இறக்க என் இடுப்பில் பலமில்லை. ஆனாலும் நான் கொத்தனார். ஓரடிப் படிக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் நானே சிமெண்டில் சாய்தளம் கட்டினேன். அதே கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த, தானே ஓடிப் பேசும் அவளுடைய சக்கர நாற்காலி அதன் விளிம்பில் நின்று, “இது கம்பெனி தளமல்ல” என்று இறங்க மறுத்தது.

“ஊருக்கெல்லாம் கட்டுனீங்க, பொண்டாட்டிக்குக் கட்டத் தெரியலையே கொத்தனாரே!” என்று பூவாத்தாள் சிரித்தாள். அப்புறம், “ஒருக்கா வெயில்ல உட்காரணும்ங்க” என்றாள்.

உட்காராமலே தை மாதம் போய்விட்டாள்.

“ஆள் இல்லீங்களே, பாக்கி தள்ளுபடிங்க” என்று சொல்லி, கம்பெனிக்காரர் நாற்காலியை வாசலுக்குத் தள்ளினார். வெறும் நாற்காலி ஒரு வார்த்தை பேசாமல் என் சிமெண்டில் இறங்கி வெயிலுக்குப் போனது.