சைக்கிளிலிருந்து விழுந்தவள்

"டாக்டர், இவர்தான் அந்த அண்ணன். சின்ன வயசுல இவளை சைக்கிள்லேருந்து கீழே போட்டு இடுப்பைக் கெடுத்தவர்."

கணவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கட்டிலில் படுத்திருந்தவளுக்குச் சுருக்கென்றது. ஜன்னலோரம் நின்ற அண்ணன் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டான். சொந்தபந்தமெல்லாம் இருபத்திரண்டு வருடமாகப் பாடும் பாட்டுதானே.

டாக்டரம்மா ஒரு சின்னப் புட்டியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே உடைந்த சாக்பீஸ் மாதிரி வெள்ளைத் துண்டுகள்.

"நேத்து ஆபரேஷன்ல இடுப்பு மூட்டுக்குள்ளேருந்து எடுத்தது. அறுபத்தொண்ணு. மூட்டுச் சவ்வு தானாவே இப்படி உருட்டி உருட்டி உள்ளே போட்டுடும். ரொம்ப அபூர்வமான நோய். அந்தக் காலத்து எக்ஸ்ரேல தெரிஞ்சிருக்காது. சவ்வையும் எடுத்தாச்சு, இனி நல்லா நடப்பாங்க."

"அப்போ விழுந்ததால வந்ததில்லையா?" என்று இழுத்தான் கணவன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

கணவனுக்கு முகம் தொங்கிப்போனது. மருந்துச் சீட்டோடு டாக்டரம்மாவின் பின்னாலேயே நழுவிவிட்டான்.

அறையில் அண்ணனும் தங்கையும் மட்டும்.

அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சாலை ஞாபகம் வந்தது. விழுந்த மறுவாரத்திலிருந்து அண்ணன் சைக்கிளைத் தொடவே இல்லை. பந்தாட்டத்தையும் விட்டுவிட்டு, ரெண்டு பையையும் தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு நடந்தே வந்தான். அவள் பின்தங்கினால் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வான். பார்த்த படத்தின் கதையை நாலு நாளைக்கு இழுத்துச் சொல்வான். வலித்த வருடங்கள்தான், ஆனாலும் அவளுக்கு அதைவிட நல்ல வருடங்கள் வாய்க்கவில்லை.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்."

அவன் நிமிர்ந்தான்.

"விழறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எனக்கு வலி இருந்தது. சொன்னதுக்கு, மட்டம் போட நடிக்கிறேன்னு அப்பா அறைஞ்சார். அப்புறம் வாயே திறக்கலை. அவர் உன்னை பெல்ட்டால அடிச்சப்பவும் பயத்துல சும்மா இருந்தேன். பின்னாடி சொல்லியிருக்கலாம். சொன்னா நீ என்கூட நடந்து வர்றதை நிறுத்திடுவியோன்னு..."



அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். போர்வையை அவள் காலுக்கு இழுத்துவிட்டான்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"நான் விழவெச்சேன்னு நம்பினதாலதானே அப்பா உன்னை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினார். அதுக்கப்புறம் நடிக்கிறேன்னு உன்னை ஒருதடவையாவது அடிச்சாரா? அதான் நானும் வாயைத் திறக்கலை."

"எனக்கு முன்னாடியே வலின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ நடக்க முடியாம சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போறதைப் பார்த்துட்டுத்தானே, அன்னைக்கு உன்னை சைக்கிள்ல ஏத்தினேன்."