எதிரே வந்த தண்ணீர்

ஒரு வீட்டுச் சமையலறையில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கொதித்து முடிந்த பார்லிச் சாறு செம்புக் குழாய்க்குள் இறங்கியது. அதை ஆற்றுவதற்காக, செம்புக் குழாயைச் சுற்றி உறைபோல மாட்டியிருந்த ரப்பர் குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தது.

"மாப்ளே, சேர்ந்தே போவோம்," என்றது தண்ணீர். இரண்டும் ஒரே முனையில் கிளம்பி, அரட்டை அடித்தபடி மறுமுனைக்கு வந்தன.

சாற்றைப் புளிக்கவைக்க, கீழே ஜாடியில் காத்திருந்த ஈஸ்ட் அலறியது. "ஐயோ, இன்னும் சுடுது! இப்படியே என் மேல விழுந்தா நான் வெந்து செத்துருவேன்!"

குழாய் முனையில் இருந்த பம்ப், சாற்றை ஜாடியில் விழவிடாமல் திரும்பக் கொதித்த பாத்திரத்துக்கே ஏற்றியது. தண்ணீர் யோசித்தது. "என் குளிர்ச்சியெல்லாம் பாதி வழியிலேயே தீர்ந்துபோச்சு மாப்ளே. இந்தத் தடவை நான் கீழ் முனையிலிருந்து மேலே வர்றேன்."

சாறு கொதித்துப் போய்விட்டது. "என்னை எதிர்க்கவா பார்க்கிறே?"

"மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கிறவன் எதிரேதானய்யா வருவான்!"

சாறு முறைத்துக்கொண்டே இறங்கியது. போகப் போக எதிரே வந்த தண்ணீர் இன்னும் இன்னும் குளிர்ந்திருந்தது. கடைசி வளைவில், அப்போதுதான் உள்ளே நுழைந்த புதுத் தண்ணீர் அதைச் சில்லென்று தழுவியது.

சாறு ஜாடியில் விழுந்தது. ஈஸ்ட் துள்ளி எழுந்தது. ஜாடி முழுக்க நுரை!

"மச்சான், எங்கே இருக்கே?" என்று சாறு கூவியது.

மேல் முனையில் ஆவி பறக்க வெளியேறிக்கொண்டிருந்த தண்ணீர் கத்தியது: "உன் சூடு பூராவும் என்கிட்டதான் இருக்கு மாப்ளே! நீ போய் மணையில உட்காரு!"