நிலாவில் ஒரு புதுக் குழி

"யாரும் என்னைக் கூப்பிடாதீங்க! ஆந்தை முந்திடும்!" என்று கத்தியபடியே மாமியார் லேப்டாப்பில் நிலாவின் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கும் படக் காப்பகம் அது. ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு, புதிதாக விழுந்த குழியை முதலில் காட்டுபவரின் பெயர் அங்கே பதிவாகும்.

ஒவ்வொரு முறையும் மாமியாரை முந்திக்கொள்வது, 'ஆந்தை' என்ற பெயரில் உலவும் யாரோ ஒருவர்.

ஆபீசுக்குக் கிளம்பிய மருமகள் எட்டிப் பார்த்தாள். "கிடைச்சுதா அத்தை?"

"எங்கே! பழைய படத்துல வெறும் தரை. புதுசுல பாரு, மேடு! நிலாவுல குழி விழும், மேடு எப்படிம்மா முளைக்கும்?"

"படத்தைத் தலைகீழாத் திருப்புங்க. வெளிச்சம் கீழேயிருந்து வந்தா, குழிகூட நம்ம கண்ணுக்கு மேடாத்தான் தெரியும்."

திருப்பினார். மேடு பொசுக்கென்று குழியானது.

"அடி என் தங்கமே!" மருமகளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார் மாமியார். "இப்பவே அனுப்பறேன். அந்த ஆந்தை மூஞ்சியில கரி! யாரு பெத்த புள்ளையோ, தூங்கவே தூங்காது போலிருக்கு."

"சீக்கிரம் அனுப்புங்க அத்தை," என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள் மருமகள்.

படங்கள் போய்ச் சேர்ந்தன. மாமியாரின் பெயர் திரையில் மின்னியது. அவர் துள்ளிக் குதித்து முடிப்பதற்குள், அதன் கீழே ஆந்தையிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது.

"வாழ்த்துகள் அத்தை! அடுத்த குழியை மட்டும் விட்டுத்தர மாட்டேன்."